இம்பீச்மென்ட் செய்தால் அதிபர் போய்விட்டார் என்று அர்த்தமா?

என் அண்ணன் மகள் உயர்நிலை 4 படிக்கிறாள், பள்ளியின் தமிழ் விவாதக் குழுவில் இருக்கிறாள். போன வாரம் தேக்கா உணவங்காடி நிலையத்தில் தோசைக்குக் காத்திருந்தபோது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பதவியில் இருக்கும் ஓர் அதிபரை, பதவிக்காலம் முடியும் முன்பே நாடாளுமன்றம் நீக்கலாமா என்பதுதான் தலைப்பு. அவள் எழுதியிருந்த முதல் வரி, "அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் இரண்டு முறை பதவி நீக்கம் செய்யப்பட்டார்." படித்துக்கொண்டிருக்கும்போதே அவளே கேட்டாள்: "ஆனா ஒண்ணு புரியல அத்தை, முதல் தடவையே நீக்கியிருந்தா ரெண்டாவது தடவை எப்படி நீக்க முடியும்?"

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் வந்ததில்லை, செய்தி படிக்கும் பெரியவர்கள் பலருக்கும் இருக்கிறது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொற்கள்தான். இம்பீச்மென்ட் என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் பதவி நீக்கத் தீர்மானம் என்று எழுதுகின்றன, அதில் 'தீர்மானம்' என்ற சொல் பேச்சில் உதிர்ந்துபோய் 'பதவி நீக்கம்' மட்டும் காதில் நிற்கிறது. அரசியல் குற்றச்சாட்டு என்று எழுதுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது சொல் முதலில் கேட்கும்போது சப்பென்றுதான் இருக்கும், எல்லா அரசியல்வாதி மீதும்தான் குற்றச்சாட்டு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பொருளுக்கு நெருக்கமானது அதுதான். இம்பீச்மென்ட் என்பது அதிபர் மீது அதிகாரபூர்வமாகக் குற்றம் சாட்டுவது. நீக்குவதா வேண்டாமா என்பது அதற்கு அடுத்த கட்டம், பல நாடுகளில் அந்த முடிவை எடுப்பதும் வேறு ஆட்கள்.

நம் ஊரில் உள்ள ஏதாவது ஒரு தமிழ்ச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவர் சங்கப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டார் என்று புகார் வருகிறது. செயற்குழு கூடி, புகாரில் விஷயம் இருக்கிறது, இதைப் பொதுக்கூட்டத்தில் வைத்து விசாரிக்க வேண்டும் என்று கை தூக்கி முடிவெடுக்கிறது. அன்று இரவு தலைவர் இன்னும் தலைவர்தான். பொதுக்கூட்டம் கூடி, அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டு, போதுமான பேர் 'நீக்கு' என்று சொன்னால்தான் அவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். செயற்குழு செய்தது இம்பீச்மென்ட், பொதுக்கூட்டம் செய்தது நீக்கம்.

அமெரிக்காவில் செயற்குழு இடத்தில் இருப்பது 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை. அங்கே பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதும், அதிபர் இம்பீச் செய்யப்பட்டவர் ஆகிவிடுவார். அப்புறம் வழக்கு செனட் சபைக்குப் போகும். 100 செனட்டர்கள் நடுவர்களாக உட்காருவார்கள், அதிபர் மீதான விசாரணை என்றால் நாட்டின் தலைமை நீதிபதியே வந்து தலைமை தாங்குவார். தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது எல்லாரும் வந்திருந்தால் 67 பேர். ஒரு கட்சி தனியாக 67 இடம் வைத்திருப்பது அபூர்வம் என்பதால், அதிபரின் சொந்தக் கட்சியிலிருந்தே சிலர் எழுந்து வந்தால்தான் காரியம் நடக்கும். இந்த ஒரு கணக்குதான் அமெரிக்க இம்பீச்மென்ட் வரலாறு முழுவதையும் தீர்மானித்திருக்கிறது.

1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன், தன் போர்த்துறை அமைச்சரைச் சட்டத்தை மீறி நீக்கினார் என்று இம்பீச் செய்யப்பட்டார். அன்று செனட்டில் இருந்தது 54 பேர்தான், எதிராக 35, ஆதரவாக 19. இன்னும் ஒரே ஒரு வாக்கு விழுந்திருந்தால் போயிருப்பார். பில் கிளின்டன் 1998 டிசம்பரில் இம்பீச் செய்யப்பட்டு 1999 பிப்ரவரியில் தப்பினார், ஒரு குற்றச்சாட்டில் 50-50, இன்னொன்றில் 45 பேர்தான் அவருக்கு எதிர். டிரம்ப் 2019 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இம்பீச் செய்யப்பட்டார், இரண்டு முறையும் செனட் விடுவித்தது. இரண்டாவது முறை 57 பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள், அதில் 7 பேர் அவருடைய கட்சிக்காரர்கள், அப்படியும் 10 குறைந்தது. ஆக அமெரிக்காவில் இதுவரை மூன்று அதிபர்கள் நான்கு முறை இம்பீச் செய்யப்பட்டிருக்கிறார்கள், நீக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

"அப்போ நிக்சன்?" என்று கேட்டாள். நிறைய பேர் நிக்சன்தான் இம்பீச் ஆனவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவர் அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. 1974 ஜூலையில் நீதித்துறைக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றுக்கொண்டது, முழுச் சபை வாக்களிக்கும் முன்பே, செனட்டில் தனக்கு ஆள் இல்லை என்று தெரிந்து, ஆகஸ்ட் 9-ல் பதவி விலகிவிட்டார். நீக்கம் நடக்காமலேயே இம்பீச்மென்ட் வேலை செய்த இடம் அது.

சரி, நிஜமாகவே நீக்கிய நாடுகளில் ஒன்று தென்கொரியா. அங்கே அமைப்பே வேறு. தேசிய சபையில் 300 பேர், இம்பீச் செய்யவே 200 வேண்டும். அந்த 200 கிடைத்த உடனே அதிபரின் அதிகாரம் நின்றுவிடும், பிரதமர் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வார். அமெரிக்காவில் அப்படி இல்லை, இம்பீச் ஆன அதிபர் விசாரணை நடக்கும்போதும் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். கொரியாவில் கடைசி முடிவு அரசியல்வாதிகள் கையிலும் இல்லை. அரசமைப்பு நீதிமன்றம் 180 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஒன்பது நீதிபதிகள் அமரும் அந்த நீதிமன்றத்தில் குறைந்தது ஆறு பேர் சம்மதித்தால்தான் அதிபர் போவார்.

2024 டிசம்பர் 3 இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நம் சிங்கப்பூர் நேரம் ஒன்பதரை இருக்கும், பாத்திரம் கழுவி முடித்துக் கைப்பேசியைப் பார்த்தால், தென்கொரியாவில் ராணுவச் சட்டம் என்று செய்தி. அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் வந்து அறிவித்துவிட்டார். ராணுவத்தினர் ஹெலிகாப்டரில் வந்து நாடாளுமன்றக் கட்டடத்தில் இறங்குகிறார்கள், சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், வெளியே உறுப்பினர்கள் வேலி ஏறிக் குதித்து உள்ளே ஓடுகிறார்கள், சபாநாயகரே வேலி தாண்டித்தான் போனார். நமக்கு நள்ளிரவு தாண்டும் நேரத்தில் உள்ளே போய்ச் சேர்ந்திருந்த 190 பேரும் ஒருவர் விடாமல் ராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். நம் பிள்ளைகள் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தச் சோல் நகரத் தெருக்களில் ராணுவ வண்டி நின்றதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 7-ல், இம்பீச் தீர்மானம் வந்தது, தோற்றது. யூனின் கட்சி கிட்டத்தட்ட மொத்தமாக வெளிநடப்புச் செய்துவிட, 200 பேர் சேரவே இல்லை. டிசம்பர் 14-ல் மறுபடி வைத்தார்கள், 204 பேர் ஆதரவு. எதிர்க்கட்சித் தரப்பில் இருந்தவர்கள் மொத்தமே 192 பேர்தான், ஆக அவருடைய கட்சியிலிருந்தே குறைந்தது 12 பேர் மாறி வாக்களித்திருக்கிறார்கள். அந்த 12 பேருக்கு அந்த ஒரு வாரத்தில் எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் 4-ல் அப்போது பதவியில் இருந்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கினார்கள், ஜூன் 3-ல் புதுத் தேர்தல். அதற்கு முன் பார்க் குன் ஹேயும் இதே வழியில்தான் 2017 மார்ச் 10-ல் நீக்கப்பட்டார், தன் தோழியை அரசாங்க விவகாரங்களில் தலையிடவிட்டு, அந்தத் தோழி நிறுவனங்களிடம் பணம் பார்க்கத் துணைபோனார் என்ற விவகாரத்தில்.

ஆனால் விவாதத்துக்குத் தயாராகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கொரிய வழக்கு இவை இரண்டுமே இல்லை என்பேன், 2004-ல் நடந்த ரோ மூ ஹியுன் வழக்குதான். தேர்தல் நேரத்தில் அதிபர் நடுநிலையாக இருக்க வேண்டும், ஆனால் ரோ ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசிவிட்டார். சபை அவரை இம்பீச் செய்தது. மக்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் அதிகாரம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஏப்ரலிலேயே நாடாளுமன்றத் தேர்தல் வந்தது, அவர் பக்கத்துக் கட்சி 299-ல் 152 இடம் பிடித்தது. மே 14-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அதிபர் சட்டத்தை மீறியது உண்மை, ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்கும் அளவுக்கு அது கடுமையான மீறல் இல்லை. அவர் மறுபடி வேலைக்கு வந்தார்.

விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதிபர் தப்புச் செய்தாரா என்பது ஒரு கேள்வி. அந்தத் தப்பு நீக்கும் அளவுக்குப் பெரியதா என்பது வேறு கேள்வி. மேடையில் முக்கால்வாசிப் பேர் முதல் கேள்விக்கு ஆதாரத்தைக் குவித்துவிட்டு, இரண்டாவதுக்கும் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிரணிக்கு அங்கேயே வழி திறந்துவிடுகிறது. கிளின்டன் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், அதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு தனிப்பட்ட உறவை மறைக்கச் சொன்ன பொய், அதிபர் பதவியின் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது ஆகுமா? ஆகும் என்றும் ஆகாது என்றும் நேர்மையானவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

எதற்காக நீக்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கும் வரியையும் விடாமல் பாருங்கள். அமெரிக்க அரசமைப்பு தேசத்துரோகம், லஞ்சம், பிற பெருங்குற்றங்கள், முறைகேடுகள் என்கிறது, கடைசி இரண்டுக்கும் என்ன பொருள் என்று இருநூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். பெரு நாட்டில் 'நிலையான ஒழுக்கத் தகுதியின்மை' என்று ஒரு காரணம் இருக்கிறது. ஒழுக்கத் தகுதியின்மை என்றால் எது? 130 பேர் உள்ள அவையில் 87 பேர் எதைச் சொல்கிறார்களோ அது, நடைமுறையில் அப்படித்தான் ஆகிவிட்டது. 2018-ல் ஓர் அதிபர் அந்த வாக்கெடுப்புக்கு முதல் நாள் விலகினார், 2020 நவம்பரில் இன்னொருவர் நீக்கப்பட்டார், 2022 டிசம்பரில் மற்றொருவர், அவர் நாடாளுமன்றத்தையே கலைக்கப் பார்த்த அதே நாளில். வரி இவ்வளவு தளர்வாக இருந்தால் பெரும்பான்மை கையில் அது ஆயுதம் ஆகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் சிங்கப்பூரில் என்ன? முதலில் ஒரு விஷயம். இங்கே அரசாங்கத்தை நடத்துகிறவர் பிரதமர். அவருக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை போய்விட்டால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போதும், குற்றம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதிபர் நாட்டின் தலைவர், தேசிய நிதியிருப்பிலும் முக்கிய அரசுப் பதவி நியமனங்களிலும் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர், 1993 முதல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறவர். இப்போதைய அதிபர் தர்மன் சண்முகரத்னம் 2023-ல் 70.4 விழுக்காடு வாக்குடன் வந்தார். அப்படி மக்கள் நேரடியாகக் கொடுத்த பதவியை எடுப்பது சுலபமாக இருக்கக் கூடாது என்றுதான் அரசமைப்பின் 22L பிரிவு எழுதப்பட்டிருக்கிறது.

பிரதமரோ, நாடாளுமன்ற உறுப்பினர்களில் குறைந்தது கால் பங்கினரோ தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். என்ன குற்றம் என்று விவரமாகச் சொல்ல வேண்டும்: வேண்டுமென்றே அரசமைப்பை மீறியது, தேசத்துரோகம், பதவி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய முறைகேடு அல்லது ஊழல், மோசடி, நேர்மையின்மை, ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றம். அல்லது உடலாலோ மனத்தாலோ இனி ஒருபோதும் கடமையைச் செய்ய முடியாத நிலை. பாதிப் பேராவது தீர்மானத்தை ஏற்றால், தலைமை நீதிபதி குறைந்தது ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட நடுவர் மன்றத்தை அமைப்பார். அதிபர் நேரிலோ வழக்கறிஞர் வழியாகவோ தன் பக்கத்தைச் சொல்லலாம். குற்றம் உண்மை என்று அந்த மன்றம் நாடாளுமன்ற நாயகருக்கு அறிக்கை கொடுத்தால் மட்டும்தான் மறுபடி நாடாளுமன்றம், அங்கே முக்கால் பங்கு வாக்கு வேண்டும். நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்கில்லை. நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் 75 பேர், அமெரிக்க செனட்டின் 67-ஐ விடக் கடினம்.

இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, காரணத்தையும் சொல்கிறேன். உண்மையில் நடந்ததா என்ற கேள்வியை நீதிபதிகளிடம் கொடுத்துவிட்டு, நீக்கும் அளவுக்குப் பெரியதா என்ற கேள்வியை மக்கள் பிரதிநிதிகளிடம் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு கேள்விகளும் இரண்டு தனித்தனிக் கைகளில். இதுவரை இதைப் பயன்படுத்தும் நிலை வந்ததில்லை. 1985-ல் அதிபர் தேவன் நாயர் பதவி விலகினார், அது விலகல், நீக்கம் இல்லை, அன்று அதிபரைத் தேர்ந்தெடுத்ததும் நாடாளுமன்றம்தான்.

இந்தியாவில் குடியரசுத் தலைவரை நீக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை. இலங்கைதான் நாம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம். அங்கே மூன்றில் இரண்டு பங்கு இரண்டு முறை வேண்டும், நடுவில் உச்ச நீதிமன்ற விசாரணை. 1991-ல் அதிபர் பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சித் தலைவர்களே முயன்றார்கள், சபாநாயகர் கடைசியில் தீர்மானத்தை ஏற்கவில்லை. 2022-ல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், ஜூலை 9-ல் அதிபர் மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கோத்தபாய ராஜபக்ச மாலத்தீவு வழியாக ஜூலை 14-ல் இங்கே சிங்கப்பூர் வந்து இறங்கி, இங்கிருந்துதான் விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் உறவினர் இருக்கும் என் தோழிகள் அன்று கைப்பேசியைக் கீழே வைக்கவே இல்லை. விவாதத்தில் இதை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சட்டம் வைத்திருந்த வழி அவ்வளவு நீளமாக இருந்ததால் மக்கள் வேறு வழியைப் பிடித்தார்கள் என்று ஆதரவு அணி சொல்லலாம், நீக்கச் சட்டம் இல்லாமலே அதிபர் போகத்தானே போனார் என்று எதிரணி திருப்பலாம். இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

எதிரணியின் பெரிய வாதம் எப்போதும் ஒன்றுதான்: அடுத்த தேர்தல் வரும், மக்களே பார்த்துக்கொள்வார்கள், லட்சக்கணக்கானோர் போட்ட வாக்கைச் சில நூறு பேர் அழிக்கக் கூடாது. நான் இந்த வாதத்தை மதிக்கிறேன். பொருளாதாரம் மோசம், பேச்சு பிடிக்கவில்லை, கொள்கை தப்பு என்பதற்கெல்லாம் இதுதான் சரியான பதில், அதற்காக யாரையும் நடுவில் இறக்கக் கூடாது. ஆனால் அதிபர் கை வைத்த இடமே தேர்தலோ நாடாளுமன்றமோ நீதிமன்றமோ என்றால், அப்போது தேர்தல் வரட்டும் என்று சொல்வதில் அர்த்தமில்லை, அவர் உடைக்கப் பார்ப்பதே அதைத்தானே. யூன் அனுப்பிய ராணுவத்தினர் அந்த இரவில் 190 பேரையும் உள்ளே விடாமல் தடுத்திருந்தால், அடுத்த தேர்தலைப் பற்றிப் பேச யார் இருந்திருப்பார்கள்? ரோ வழக்குக்கும் யூன் வழக்குக்கும் நடுவில் எங்கோ அந்தக் கோடு இருக்கிறது என்பது என் எண்ணம், எந்த அணியில் நின்றாலும் அந்தக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசினால் நடுவர்கள் உங்களைக் கேட்பார்கள்.

பதவிக்காலம் இன்னும் ஏழே நாள்தான் இருக்கிறது, அப்புறம் எதற்கு இம்பீச்மென்ட் என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் உண்டு. டிரம்ப்பின் இரண்டாவது இம்பீச்மென்ட் 2021 ஜனவரி 13-ல் நடந்தது, பதவிக்காலம் முடிந்தது 20-ல். செனட் தண்டித்திருந்தால், இனி எந்தக் கூட்டரசுப் பதவிக்கும் வரக் கூடாது என்று தனியாக ஒரு வாக்கெடுப்பு வைத்திருக்கலாம், அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். தண்டிக்காததால் அந்த வாக்கெடுப்புக்கே இடமில்லாமல் போனது, 2024-ல் மறுபடி போட்டியிட்டு வென்றார்.

தோசை ஆறிப்போயிருந்தது. எழுந்திருக்கும்போது அவள் இன்னொன்று கேட்டாள்: "நீக்கிட்டா நேரா ஜெயிலா அத்தை?" இல்லை. நீக்கம் வேலையை மட்டும்தான் பறிக்கும். பார்க் குன் ஹே 2017 மார்ச் 10-ல் பதவி இழந்தார், மார்ச் 31-ல் கைதானார், அது வேறு வழக்கு, வேறு நீதிமன்றம், பல வருடச் சிறைத்தண்டனை, 2021 டிசம்பரில் மன்னிப்பு. யூன் இதற்கு நேர்மாறு: 2025 ஜனவரி 15-ல் கைதானபோது அவர் இன்னும் அதிபர்தான், நீதிமன்றம் அவரை நீக்கியது அதற்கு இரண்டரை மாதம் கழித்து. தாளின் ஓரத்தில் அந்த இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டு, முதல் வரியில் 'பதவி நீக்கம்' என்பதை அடித்துவிட்டு 'குற்றம் சாட்டப்பட்டார்' என்று மாற்றினாள்.